பரவால்லைக்குக் கட்டம் இல்லை

உக்காருங்க அண்ணாச்சி, ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்கு வெயிலு ஆகாது. மதுரைக்குத்தானே? நானும் மதுரைதான். பையைக் காலுக்கு அடியில வைங்க. அட, மாத்திரையா? போடுங்க, போடுங்க. தண்ணி இல்லைன்னா இந்தா இருக்கு. பிரஷரா, சர்க்கரையா? சரி, எதுக்கோ. நான் கேக்கல.

முழுங்கிட்டீங்கல்ல. அதுக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?

கோவிச்சுக்காதீங்க. எனக்கு இப்பல்லாம் யாராவது மாத்திரை போடுறதப் பாத்தாலே ஆக மாட்டேங்குது. கருமம், என்ன பொழப்புடா இதுன்னு வருது. நீங்க பாத்தா பொறுமையான ஆளாத் தெரியுறீங்க, அதான் சொல்றேன். பொறுமையான ஆளு கிடைக்கிறது கஷ்டம். போன வாரம் பக்கத்துல உக்காந்த ஆளு ஸ்ரீவில்லிபுத்தூர்லயே எறங்கிட்டான். மதுரைக்கு டிக்கெட்டு எடுத்துருந்தான்.

என் குரலை நீங்க கேட்டிருப்பீங்க. ராஜபாளையம் சுத்துவட்டாரத்துல எந்தக் கடை தொறந்தாலும் ஆட்டோவுல மைக் கட்டிப் பேசுறது நான்தான். பலகுரல் காளிராஜ். அப்பளக் கடைன்னா அப்பளம் நொறுங்குற சத்தத்த வாயிலயே குடுப்பேன், சனம் எச்சி ஊறி வாங்கிட்டுப் போகும். இந்தக் கண்டக்டரு ஊதுறாரே விசிலு, அதை இவரைவிட நல்லா ஊதுவேன். ஒரு தடவை கல்லுப்பட்டில விளையாட்டா ஊதிட்டேன், டிரைவரு வண்டிய எடுத்துட்டாரு, பாதிப் பேரு டீக்கடைல வடையோட நிக்கிறாங்க. படிப்பு அஞ்சாப்பு. அதுலயும் வாத்தியாரு மாதிரி பேசிக் காட்டுனேன்னு பாதில அனுப்பிச்சிட்டாங்க.

எம் பொண்டாட்டி பேரு சீனியம்மா. சத்திரப்பட்டில பேண்டேஜ் துணிக் கம்பெனில மடிப்பு வேலை. ஆஸ்பத்திரில காயத்துக்குச் சுத்துறாங்கல்ல, அந்த வலைத்துணி. நல்ல வேலைக்காரி. ரெண்டு வருசம் முன்னாடி கர்ப்பப்பையை எடுத்தாங்க. உடம்பு தேறிருச்சு, ஆளு தேறல. வேலைக்குப் போகல. சொவத்தப் பாத்துப் படுத்துக்கிருவா. சாப்பிட்டியா? பரவால்ல. தலை வலிக்கா? பரவால்ல. உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வருவமா? பரவால்ல. எந்தக் கேள்விக்கும் அந்த ஒத்த வார்த்தைதான்.

அவ குரல் எப்படின்னா, இருங்க, தொண்டையச் சரி பண்ணிக்கிறேன். ‘பரவால்ல.’ கேட்டீங்களா? மூக்குல பாதி, தொண்டைல பாதி, கடைசி எழுத்து மட்டும் கீழ விழுந்துரும். அந்தக் கடைசி எழுத்த விழ வைக்க எனக்கு ஒரு மாசம் பிடிச்சுது.

அவளைச் சிரிக்க வைக்க நான் படாத பாடு கிடையாது. பங்குனிப் பொங்கலுக்கு எங்க தெரு மேடைல அவளுக்காகவே ஒரு ஐட்டம் போட்டேன். ‘ஏ சீனி, வீடு தீப்பிடிச்சிருச்சு.’ ‘பரவால்ல.’ ‘ஏ சீனி, உம் புருசன் ஓடிப்போயிட்டான்.’ ‘ரொம்பப் பரவால்ல.’ சனம் உருண்டு பெரண்டு சிரிக்குது. அவளும் முன் வரிசைல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துருக்கா. பாதில எந்திரிச்சுப் போயிட்டா. ரசனை கிடையாது அவளுக்கு. அது கல்யாணமானதுலேர்ந்தே எனக்குத் தெரியும், வெளிய சொல்றதில்ல.

அப்புறம் எங்க ஊரு டாக்டரு மதுரைல மனநல ஆஸ்பத்திரி ஒண்ணுக்கு எழுதிக் குடுத்தாரு. பேரு எதுக்கு, விடுங்க. அங்க ஒரு பெரிய டாக்டரு. அவரு பேசுறது தண்ணியை வாயில வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கும். ‘காளிராஜ், உங்க மனைவிக்கு மன அழுத்தம். இங்க ஒரு ஆராய்ச்சி நடக்குது. அவங்களுக்கு இஷ்டமிருந்தா சேரலாம், இல்லைன்னா வழக்கமான வைத்தியம் பாக்கலாம்.’ என்ன ஆராய்ச்சி சார்னேன். ‘பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு அதே நெறம், அதே அளவு, உள்ள மருந்து இருக்காது. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.’

அப்ப யாருக்குத்தான் சார் தெரியும்னு கேட்டேன்.

‘பூட்டி வச்சிருக்கிற சீட்டுக்குத் தெரியும்.’

பாருங்க அண்ணாச்சி, இவ்வளவு படிச்ச மனுசன் கண்ணாமூச்சி ஆடுறாரு. எதுக்கு சார் இந்த வேலை, மருந்து இருக்குன்னா எல்லாருக்கும் குடுத்துட்டுப் போங்களேன்னேன். ‘மருந்து சாப்பிட்டவங்கள்லயும் கொஞ்சப் பேருக்குக் குணமாகுது. சும்மா மாத்திரை சாப்பிட்டவங்கள்லயும் கொஞ்சப் பேருக்குக் குணமாகுது. மருந்துல கூடுதல் பேரு. அந்தக் கூடுதல் எவ்வளவுன்னு பாக்கத்தான் இது.’ ரொம்பக் கூடுதலா சார்னு கேட்டேன். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. ‘நாங்க ஆசைப்படுற அளவுக்கு இல்ல’ன்னாரு.

த்தூ. ஒரு பாத்திரக் கடைக்காரன், ‘எங்க குடமும் ஒழுகும், ஆனா பக்கத்துக் கடைக் குடத்தைவிடக் கொஞ்சம் கம்மியா ஒழுகும்’னு என்னைய மைக்ல சொல்லச் சொன்னா நான் சொல்வேனா? மாட்டேன். எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு.

ஆனா இவ தலையாட்டிட்டா. அவ ஒண்ணுக்குத் தலையாட்டி எம்புட்டு நாளாச்சு. சரின்னு விட்டுட்டேன்.

அந்த ஆராய்ச்சிக்கு ஒரு பொண்ணு, ஜெசிந்தான்னு பேரு, தூத்துக்குடிக்காரி. கேள்வி கேட்டு எழுதுறது அவ வேலை. பன்னெண்டு பக்கச் சம்மதத் தாளை வாசிச்சுக் காட்டிட்டு, கையெழுத்துப் போடுங்கக்கான்னா. நான் பேனாவை வாங்கிட்டேன். ‘சார், அக்காதான் போடணும்’னு பிடுங்கிட்டா. சீனி, ‘பரவால்ல, போடுறேன்’னா. அதுக்கு அந்தப் பொண்ணு என்ன கேட்டா தெரியுமா? ‘பரவால்லைன்னா சரின்னு அர்த்தமா, வேண்டாம்னு அர்த்தமாக்கா?’

இதெல்லாம் ஒரு கேள்வியா? தமிழ்நாட்டுல பொறந்த பிள்ளை கேக்குற கேள்வியா இது? இவ அந்தப் பொண்ணு மூஞ்சியவே பாத்தா, ரொம்ப நேரம். ‘சரின்னு அர்த்தம்’னா. சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டா.

பொறவு கேள்வித்தாளு. பதினேழு கேள்வி. தூக்கம், பசி, அழுகை, அது இதுன்னு. ஒவ்வொண்ணுக்கும் நாலு கட்டம். பூச்சியம், ஒண்ணு, ரெண்டு, மூணு. பூச்சியம்னா ஒரு கஷ்டமும் இல்ல, மூணுன்னா ரொம்ப. நானும் உள்ளதான் இருந்தேன். ‘அக்கா, போன ஒரு வாரத்துல தூக்கம் எப்படி?’ ‘பரவால்ல.’ ‘பரவால்லைக்கு இதுல கட்டம் இல்லக்கா.’ நான் சொன்னேன், ரெண்டு போட்டுக்கம்மா, ராத்திரில பெரண்டு பெரண்டு படுப்பான்னு. ‘சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.’

கதவச் சாத்திட்டா அண்ணாச்சி. கட்டுன புருசனை வெளிய நிப்பாட்டிட்டு. கதவுல சின்னதா கண்ணாடி இருந்துச்சு. எட்டிப் பாத்தேன். சத்தம் கேக்கல. இவ கை ஆடுது. ரெண்டு கையும். ஒரு மணி நேரம். எங்கிட்ட ரெண்டு வருசமா ஒத்த வார்த்தைக்கு மேல பேசாத வாயி, முன்னப்பின்ன தெரியாத பிள்ளைகிட்ட ஒரு மணி நேரம் பேசுது. அசிங்கமா இல்ல? எனக்கு ஆயிருச்சு. வெளிய வந்ததும் என்னடி பேசுனன்னேன். பரவால்லன்னா.

ஒரு வியாழக்கிழமை நேர்ல போகணும், அடுத்த வியாழக்கிழமை போன்ல கேப்பாங்க. இப்படி எட்டு வாரம். மாத்திரை ஒரு டப்பா குடுத்தாங்க, நீலமும் வெள்ளையுமா கேப்சூலு. அவ என்ன பண்ணுவா, காலைல எட்டு மணிக்குச் சரியா எந்திரிப்பா, மூஞ்சி கழுவுவா, போடுவா. ரெண்டு வருசத்துல அவ தானா எந்திரிச்சது அதுக்கு மட்டுந்தான்.

எனக்குக் கை சும்மா இருக்குமா? ரெண்டாவது வாரம் ஒண்ணை எடுத்து, திருகிப் பிரிச்சு, தட்டுல கொட்டுனேன். வெள்ளைப் பொடி. நாக்குல வச்சேன். கசக்கல. மரவள்ளி மாவு மாதிரி வழவழன்னு, லேசா ஒரு இனிப்பு. மருந்துன்னா கசக்கணுமா வேண்டாமா? சொல்லுங்க. எனக்கு அங்கயே தெரிஞ்சு போச்சு, நமக்கு விழுந்தது மாவு. இதுக்கு நான் வாரம் விட்டு வாரம் மைக்கை விட்டுட்டு மதுரைக்கு அலையணுமா? சீனியம்மாளுக்குச் சீனி மாத்திரை. டீக்கடைல இதை விளம்பரக் குரல்ல சொன்னேன் பாருங்க, ‘அன்பார்ந்த பொதுமக்களே’ன்னு ஆரம்பிச்சு. டீ மாஸ்டரு பாலை அடுப்புல கொட்டிட்டான், அப்படிச் சிரிப்பு.

அவகிட்ட மட்டும் சொல்லல. வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அந்த எட்டு மணிக்கு எந்திரிக்கிறதப் பாக்க நல்லாருந்துச்சு. அதான்.

போன் கதைக்கு வர்றேன்.

ரெண்டாவது வாரம் வியாழக்கிழமை. எங்க வீட்டுல எங்கிட்டதான் போனு. நான் சேத்தூர்ல ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துல ஆட்டோல இருக்கேன். ‘சார், ஜெசிந்தா பேசுறேன். அக்காகிட்ட குடுக்கிறீங்களா?’ வீட்டுக்குப் போக முக்கால் மணி நேரம் ஆகும். நான் இருங்கம்மான்னேன். மனசுக்குள்ள அஞ்சு எண்ணுனேன். அப்புறம் மூக்குல பாதி, தொண்டைல பாதி. ‘நான்தாம்மா பேசுறேன்.’

யோசிச்சுச் செஞ்சேன்னு நினைக்காதீங்க. வாய் தானாப் போகுது, நான் என்ன செய்ய? அதுவுமில்லாம எனக்கு அது பரீட்சைன்னு நினைப்பு. பூச்சியம் வாங்குனா பாஸு. எம் பொண்டாட்டி பெயிலாகக் கூடாதுல்ல.

‘தூக்கம் எப்படிக்கா?’ ‘பரவால்லம்மா.’ ‘அக்கா, அதுக்குக் கட்டம் இல்லன்னு சொன்னேன்ல.’ ‘அப்ப பூச்சியம் போட்டுக்கம்மா.’ பசி, பூச்சியம். அழுகை, பூச்சியம். கடைசிக் கேள்வி பதினேழாவது. அதை அந்தப் பொண்ணு குரலை எறக்கிக் கேக்கும். ‘உயிரோட இருந்து என்ன செய்யன்னு தோணுச்சாக்கா?’ ‘சேச்சே. எனக்கு என்னம்மா கொறை? எம் புருசன் தங்கமான மனுசன்.’ கடைசில உள்ளது நானாச் சேத்தது. ‘அக்கா, நீங்க சாரைப் பத்திப் பேசுறது இதான் முதல் தடவை’ன்னா.

அப்ப அங்க உள்ள ஒரு மணி நேரம் உக்காந்து என்னதான் பேசுறா இவ? விளங்குதா உங்களுக்கு? எனக்கு விளங்கல.

முப்பது வருசமா இந்தத் தொழில் பண்றேன் அண்ணாச்சி. அதுக்கு மேல ஒரு நடிப்பு நான் நடிச்சதில்ல. ஆனா கைதட்ட ஆளில்ல. ஆட்டோ டிரைவரு மட்டும் என்னைய ஒரு மாதிரி பாத்தான். நாலாவது வாரமும் நான்தான் பேசுனேன். ஆறாவது வாரமும் நான்தான். அப்பல்லாம் வீட்ல இருந்தாக்கூட வாசலுக்கு வந்துருவேன், அவ படுத்துக் கிடக்கா, எதுக்கு எழுப்பணும்னு.

ஏழாவது வாரம் நேர்ல போனோம். கதவச் சாத்துனாங்க. நான் வெளிய வாட்ச்மேனுக்கு யானை பிளிறிக் காட்டிட்டு இருக்கேன். கதவு தொறந்துச்சு. ‘சார், உள்ள வாங்க.’ பெரிய டாக்டரும் வந்துட்டாரு. சீனி தலைய குனிஞ்சு உக்காந்துருக்கா.

‘சார், அக்கா எங்கிட்ட போன்ல பேசுனதே இல்லங்கிறாங்க.’

நான் சிரிச்சேன். என்ன செய்ய, மாட்டிக்கிட்டா சிரிக்கத்தானே செய்யணும். சும்மா ஒரு இதுக்குப் பண்ணேம்மான்னு, அவ குரல்லயே சொன்னேன். யாரும் சிரிக்கல. அந்தப் பொண்ணுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. ‘போன வாரம் பதினேழாவது கேள்விக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?’ பூச்சியம்மான்னேன். அது பேப்பரை எடுத்துப் பாக்குது. ‘அக்கா இன்னைக்கு மூணு சொல்லிருக்காங்க. போன வாரத்துக்குத்தான் மூணு. மூணுன்னா என்னன்னு தெரியுமா சார்? எப்படின்னு வரைக்கும் யோசிச்சிருக்காங்க. அதைத் தெரிஞ்சுக்கத்தான் நான் போன் பண்றதே.’

நான் பக்கத்துலதான் படுத்துருந்தேன் அண்ணாச்சி. ஒரே பாயி. எனக்குச் சொல்லலையே. அடுத்தவகிட்ட கட்டத்துல டிக் அடிச்சுச் சொல்றா, பக்கத்துல கிடக்கிறவனுக்குச் சொல்லலையே. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு வெறுப்பு, யாரு மேலன்னே தெரியல. அந்த ஆஸ்பத்திரி பினாயில் வாசனை இருக்கே, அது இப்பவும் என் மூக்குல இருக்கு.

‘அந்த வாரம் வீட்ல ஏதாவது நடந்துச்சா?’ன்னு டாக்டரு கேட்டாரு. ஒண்ணும் நடக்கலையே சார், எப்பவும் போலத்தான்னேன். நிஜமாத்தான். அந்தப் போனுக்கு மொத நாளு, புதன்கிழமை, ஆயுத பூஜை. அவ வேலை பாத்த பேண்டேஜ் கம்பெனில பூஜைக்கு என் நிகழ்ச்சி. பழைய பரவால்ல ஐட்டமும் போட்டேன், புதுசா சீனி மாத்திரை ஐட்டமும் போட்டேன், மாவைப் பிரிச்சுத் தட்டுல கொட்டுறது எல்லாம் செஞ்சு காட்டி. அவ கூட மடிப்பு மடிச்ச பொம்பளைங்களுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு சிரிச்சு. நல்ல பேரு. அதுல என்ன இருக்கு? அன்னைக்கு இவளும் அங்க வந்துருக்கா, மொதலாளியப் பாத்து மறுபடி வேலை கேக்கலாம்னு. பின்னாடி நின்னிருக்கா. கேக்காமத் திரும்பிப் போயிட்டா. அவ வந்ததே அப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்சா மேடைக்குக் கூப்பிட்டிருப்பேன்ல?

பூஜைக்கு நிகழ்ச்சி போட்டேன்னு டாக்டர்கிட்டயும் சொன்னேன். அவரு எழுதிக்கிட்டாரு.

அன்னைக்கே சீனிய ஆராய்ச்சிய விட்டு எடுத்துட்டாங்க. ஆபத்துன்னா பூட்டுன சீட்டைத் தொறக்கலாமாம். தொறந்தாங்க. மருந்து இல்லாத மாத்திரைதான். நான் தொடையத் தட்டுனேன், சொன்னேன்ல, மாவுன்னு. என் நாக்கு பொய் சொல்லாது சார்னேன். ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’னு டாக்டரு ஆரம்பிக்கிறாரு, இவ சொல்றா, தலைய நிமித்தாமலே, ‘எனக்கும் தெரியும். ஆயுத பூஜைலேர்ந்து தெரியும்.’

தெரிஞ்சும் ஏன் சாப்பிட்டீங்கக்கான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு.

‘நிப்பாட்டுனா வியாழக்கிழமை வர வேண்டாம்னு சொல்லிருவீங்கல்ல.’

இதுக்கு என்ன அர்த்தம் சொல்லுங்க. மாவுன்னு தெரிஞ்சும் ஒரு பொம்பளை மாவு சாப்பிடுவாளா? வேலை வெட்டி இல்லாதவங்க. அந்தப் பொண்ணு எந்திரிச்சு ஜன்னல் பக்கம் போயிருச்சு.

இதைவிடக் கேவலம் ஒண்ணு கேளுங்க. நேர்ல எழுதுன பேப்பரை டாக்டரு காட்டுனாரு. மொத வாரம் தூக்கம் மூணு. அஞ்சாவது வாரம் ஒண்ணு. பசி மூணுலேர்ந்து ரெண்டு. மாவுல, அண்ணாச்சி. மாவுல எப்படி சார் தூக்கம் வரும்னு கேட்டேன். ‘மாவுலதான்னு நான் எப்படிச் சொல்ல? வாரம் விட்டு வாரம் குளிச்சுக் கிளம்பி பஸ் ஏறுனாங்க. ஒருத்தி உக்காந்து கேட்டா. மருந்து சாப்பிடுறோம்னு ஒரு நம்பிக்கை. சிலது நாளாக நாளாகத் தானாத் தணியும். இத்தனையும் சேந்ததுதான் அந்தச் சும்மா மாத்திரை.’ இதுல எது சார் வேலை செஞ்சுதுன்னேன். தெரியாதுன்னாரு. கூசாம சொல்றாரு. சொவரெல்லாம் பட்டமா மாட்டி வச்சிருக்காரு.

அப்புறம் சொன்னாரு, ‘உங்க குரலை நாங்க கண்டுபிடிக்காம விட்டிருந்தா, மருந்தே இல்லாம ஒரு அம்மா போன் பண்ண வாரமெல்லாம் முழுசாக் குணமானாங்கன்னு எழுதிருப்போம். மருந்துக்கு மதிப்புக் குறைஞ்சிருக்கும். எவ்வளவு கூடுதல்னு பாக்குற கணக்குல உங்க தொண்டையும் சேந்திருக்கும்.’

வையிறாருன்னு தெரியுது. ஆனா மனசுக்குள்ள ஒரு ஓரமா, அட, நம்ம தொண்டைக்கு அம்புட்டு சக்தியான்னு இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது.

இப்ப நிஜ மாத்திரை குடுக்கிறாங்க. ரெண்டு மாசமாச்சு. அதையும் ஒண்ணு பிரிச்சு நாக்குல வச்சேன். கசந்துச்சு. நாக்கே மரத்துப் போச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. சீனி இப்ப அரை நாளு வேலைக்குப் போறா. இன்னைக்கும் போயிருக்கா, அதான் மாத்திரை வாங்க நான் மட்டும் போறேன். போன வாரம் என்னைய, ‘வாய மூடிட்டுச் சாப்பிடுங்க’ன்னு சொன்னா. ரெண்டு வருசத்துல எங்கிட்ட சொன்ன நீளமான பேச்சு அதுதான். கசக்குற மாத்திரைதானே சார் இதுக்குக் காரணம்னு டாக்டர்கிட்ட கேட்டேன். இருக்கலாங்கிறாரு. இருக்கலாமாம். ஒரு ஆள வச்சுச் சொல்ல முடியாதாம், நூத்துக்கணக்குல ஆளு வேணுமாம். எனக்கு எதுக்கய்யா நூத்துக்கணக்குல ஆளு? எனக்கு ஒரு ஆளுதான்.

அவளுக்குன்னு இப்ப தனி போன் வாங்கிட்டா. அந்தப் பொண்ணு அதுலதான் கூப்பிடும். எனக்கும் ஒரு வேலை குடுத்துருக்கு. சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தப் பதினேழாவது கேள்வியை நான் கேக்கணும். நீங்கதான சார் பக்கத்துல இருக்கீங்க, நீங்கதான் கேக்கணும்னு சொல்லிருச்சு. கேட்டு நம்பரு எழுதணும்.

மொத நாளு கேட்டேன். எப்படின்னு நினைக்கீங்க, அந்தப் பொண்ணு குரல்ல, ‘உயிரோட இருந்து என்ன செய்யன்னு தோணுச்சாக்கா?’ அச்சு அசலா. சீனி எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா. மறுநாளு பெரிய டாக்டரு குரல்ல கேட்டேன், தண்ணியை வாயில வச்சுக்கிட்டு. அதுக்கும் பதில் இல்ல. மூணாம் நாளு சொன்னா, ‘உங்க குரல்ல கேளுங்க.’

இதுதான்டி என் குரலுன்னேன். அவ தலைய ஆட்டுனா, இல்லன்னு.

மூணு நாளு எடுத்துச்சு எனக்கு. அப்படியே வாயத் தொறக்கிறேன், அப்பளக் கடைக்காரன் வாரான், சாமியாடி வாரான், வாத்தியாரு வாரான், ஊரே வருது. என்னைய காணும். ஏழாம் நாளு கேட்டேன். எப்படிக் கேட்டேன்னு சொல்லத் தெரியல. காத்து மட்டுந்தான் வந்துச்சு, சத்தமே இல்ல. கேள்வி முழுசாக்கூட முடியல. அவ உக்காந்து யோசிச்சா. அவசரமே இல்ல. ‘இன்னைக்கு ஒண்ணு’ன்னா.

ஒண்ணுன்னா லேசாத் தோணுச்சுன்னு அர்த்தம்.

அன்னைலேர்ந்து தினமும் கேக்கிறேன். ஒருநாளு ஒண்ணு. ஒருநாளு பூச்சியம். மறுபடி ஒண்ணு. எழுதுன தாளு இந்தா, சட்டைப் பைல இருக்கு. அந்தப் பொண்ணு பாத்துட்டு, நல்லா வருது சார்னு சொல்லும். என்னத்த நல்லா வருது? சொல்றேன் கேளுங்க, எனக்கு ஏன் வெறுத்துப் போச்சுன்னு. அவ மூணா இருந்தப்ப எனக்குத் தெரியாது. ரெண்டு தட்டு சோறு தின்னுட்டுக் கொறட்டை விட்டுத் தூங்குனேன். இப்ப ஒண்ணுங்கிறா. சோறு எறங்க மாட்டேங்குது. நாக்குல வைக்கிறது எல்லாம் அந்த மாவு மாதிரியே இருக்கு. போன மாசம் ரெண்டு கல்யாண வீட்ல மைக் பிடிக்கக் கூப்பிட்டாங்க, சாயங்காலம் வர முடியாதுன்னுட்டேன். வேற ஆளப் போட்டுக்கிட்டாங்க. அவன் குயில் கூவுறான், கோழி மாதிரி இருக்கு.

இதுக்குப் பேரு குணமாம். யாருக்குக் குணம்னு அந்த டாக்டர்கிட்ட கேக்கணும் இன்னைக்கு.

ஏன் அண்ணாச்சி எந்திரிச்சுட்டீங்க? திருமங்கலந்தானே இது. மாட்டுத்தாவணி இன்னும் வரல. ஓ, இங்கதான் எறங்கணுமா. சரி, பாத்துப் போங்க. பையை மறந்துராதீங்க. டிரைவரண்ணே, ஒரு நிமிசம், ஆள் எறங்குது. அப்படியே சொல்லுங்க, மாட்டுத்தாவணிக்கு எத்தனை மணிக்குப் போகும்? நான் மாத்திரைய வாங்கிட்டு மூணு மணி பஸ்ஸப் பிடிச்சாகணும். ஏழு மணிக்கு நான் வீட்ல இருக்கணும். நான் கேக்கலைன்னா அவளுக்குச் சொல்ல ஆளில்ல.